காவல் நாயும் சிராவக தருமமும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி ரமணாசிரமத்தைச் சூழ்ந்துள்ள பகுதியில் இன்று சந்துக்குச் சந்து மாடி வீடுகள் எழுந்துள்ளன. வந்தவாசி, ஆரணி, போளூர் பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டும், ஓய்வு பெற்ற பின்னரும் நகரத்தை நாடி வந்த நம்மவர் குடும்பங்கள் சிலவும் அங்கே வாழ்கின்றன. அவற்றுள் ஒரு குடும்பத்துப் பெரியவர் அண்மையில் நம்மிடம் ஓர் ஐயத்தை எழுப்பினார். மகன் வெளிநாட்டில், மகள் பெங்களூரில். முதியவர் இருவரும் தனித்து வசிக்கின்றனர். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றி வரும் ஊர் ஆதலால், வருபவர் யார், போகிறவர் யார் என்று அறிய வழியில்லை. துணைக்கு ஒரு ராட்வீலர் குட்டியை வாங்கித் தருவதாக மகன் கூறுகிறான். "அந்த ஜாதி நாய் பொல்லாதது என்கிறார்களே, அது மெய்தானா? மெய்யோ பொய்யோ, சிராவகன் வீட்டில் அதை வளர்க்கலாமா?" என்பது அவரது வினா.

அன்று நாம் விடை கூறவில்லை. ஒன்று போல் தோன்றினும் அவ்வினாவில் இரண்டு வினாக்கள் உள்ளன. நாயின் இயல்பு யாது என்பது ஒன்று. அதனை வளர்க்க விழையும் நமது உள்ளத்தின் இயல்பு யாது என்பது மற்றொன்று. முன்னதைப் பற்றி உலகம் நிறையப் பேசிவிட்டது. பின்னதை நம் ஆகமம் ஒன்றே நேராகப் பேசுகிறது.

மக்களின் அச்சம் வெறுங்கற்பனை அன்று. 2022 ஜூலையில் லக்னோ நகரில் 82 வயது மூதாட்டி ஒருவரை அவருடைய வீட்டிலேயே வளர்ந்த பிட்புல் நாய் கடித்துக் கொன்றது. 2024 மே 5ஆம் நாள் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்காக் காவலாளியின் ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வீலர் நாய்கள் குதறின. 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் ஒருவர் பிட்புல் கடித்து உயிரிழந்தார். இந்நிகழ்ச்சிகளைப் படிக்கும் எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும். அவளிடம் சென்று 'நாய்மேல் பழியில்லை' என்று உபதேசம் செய்வது அறிவீனம் மட்டுமன்று, இரக்கமின்மையும் ஆகும்.

அரசும் வாளாவிருக்கவில்லை. மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை 2024 மார்ச் 12 அன்று 23 வகை நாய்களைப் பட்டியலிட்டு, அவற்றின் இறக்குமதியையும் இனப்பெருக்கத்தையும் விற்பனையையும் தடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. உரியவர்களின் கருத்தைக் கேளாது பிறப்பிக்கப்பட்டது என்னும் காரணத்தால் கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அடுத்த மாதமே அதனைச் செல்லாதாக்கின. சென்னைப் பூங்கா நிகழ்ச்சிக்குப் பின் தமிழ்நாட்டிலும் அதே 23 வகைகளுக்குத் தடை அறிவிக்கப்பட்டு, அறிவித்த வேகத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. பின்னர் 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்புல், ராட்வீலர் ஆகிய இரண்டிற்கும் புதிதாக உரிமம் வழங்குவதில்லை என்று முடிவு செய்தது. அந்த 23 வகைப் பட்டியலை நாமும் படித்துப் பார்த்தோம். ஜப்பான் நாட்டுத் தோசா நாய் இரு பெயர்களில் இருமுறை இடம் பெற்றிருக்கிறது. 'டெரியர்' என்னும் ஒரே சொல்லுக்குள் மடியில் வைத்துக் கொஞ்சும் குட்டி நாயும் அடங்கிவிடுகிறது. பயம் பட்டியல் போடும்போது எண்ணிக்கை தவறுவது இயல்புதான் போலும்.

இனி, நாயின் இயல்புக்கு வருவோம். ஓர் உயிரின் உடலமைப்பு நாமகருமத்தால் வருவது. அதன் கோபமும் மானமும் மாயமும் உலோபமும் மோகனீய கருமத்தால் வருவன. இவை இரண்டும் வெவ்வேறு கருமங்கள் என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் பாடசாலையில் படித்திருப்பர். நாயின் 'ஜாதி' என உலகம் கூறுவது பெரும்பாலும் உடலைப் பற்றியதே: தலையின் அகலம், தாடையின் வலிமை, எலும்பின் உறுதி. இவை நாமகருமத்தின் விளைவுகள். இவற்றைக் கண்டு 'இது கொடியது' என்று தீர்ப்புக் கூறுவது, நாமகருமத்தைப் பார்த்து மோகனீயத்தை எடை போடுவதாகும். சம்ஹனனம் என்னும் எலும்புப் பிணைப்பில் தலையாய உறுதி பெற்ற உயிரே வீடு பேற்றை அடைய வல்லது. ஏழாம் நரகத்திற்குச் செல்ல வல்லதும் அத்தகைய உறுதி பெற்ற உயிரே. வலிமை இரு பக்கமும் வழி திறக்கிறது. எந்த வழியில் செல்வது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

இக்கால ஆராய்ச்சியும் ஏறத்தாழ இதனையே தொட்டிருக்கிறது. 'சயின்ஸ்' என்னும் அறிவியல் இதழில் 2022ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில், 18,000க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தை பற்றிய விவரங்களைத் திரட்டி, அவற்றுள் பலவற்றின் மரபணுக்களையும் ஆராய்ந்தனர். நாய்க்கு நாய் காணப்படும் குண வேறுபாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கே இனத்தால் விளங்குகிறது என்று கண்டனர். எளிதில் சீறும் தன்மை இனத்தைக் கொண்டு மிகக் குறைவாகவே கணிக்கக்கூடியது என்பதும் அவர்கள் முடிவு. அமெரிக்காவில் மைக்கேல் விக் என்னும் பேர் பெற்ற ஆட்டக்காரர் நாய்ச் சண்டை நடத்தியதற்காக 2007இல் தண்டிக்கப்பட்டார். அவரது இடத்திலிருந்து சண்டைக்கென்றே வளர்க்கப்பட்ட ஏறக்குறைய 50 பிட்புல் நாய்கள் மீட்கப்பட்டன. அவற்றைச் சோதித்த வல்லுநர்கள் திருத்த முடியாத மூர்க்கம் உடையதென்று ஒதுக்கியது ஒன்றே ஒன்றுதான். பல நாய்கள் பின்னர் குழந்தைகள் உள்ள இல்லங்களிலும் வளர்ந்தன.

நமக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை. வர்த்தமான சுவாமி முற்பிறவி ஒன்றில் சிங்கமாய்ப் பிறந்து மானைக் கொன்று தின்னும் வேளையில், வானினின்று இறங்கிய சாரண முனிவரின் அறவுரை கேட்டுக் கண்ணீர் உகுத்து, ஊனைத் துறந்து நோன்பேற்ற வரலாற்றை ஸ்ரீபுராணம் வாயிலாக அறிந்தவர்கள் நாம். அச்சிங்கத்தின் பல்லும் நகமும் நோன்பேற்ற பின்னும் அப்படியே இருந்தன. சீவக சிந்தாமணியிலும், சோற்றில் வாய் வைத்தது என்பதற்காக அடிபட்டுச் சாகும் நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓத, அது சுதஞ்சணன் என்னும் இயக்கனாகிறது. அந்த நாய் எந்த ஜாதி என்று திருத்தக்க தேவர் கூறவில்லை. கூறும் தேவையும் அவருக்கு இருக்கவில்லை.

இவ்வளவில் நிறுத்திவிட்டால் நாய்ப் பிரியர்கள் மகிழ்வர். ஆனால் நாம் நிறுத்த இயலாது. மோகனீயம் எல்லா நாய்க்கும் உண்டு. கோபம் எழும் கணம் எந்த நாய்க்கும் வரும். அக்கணத்தில் பொமரேனியன் கடித்தால் கட்டுப் போட்டுக் கொண்டு, தடுப்பூசியும் போட்டுக் கொண்டு வீடு திரும்பலாம். ராட்வீலர் கடித்தால் அந்தச் சிறுமியின் நிலை. கொடிய மனம் உடையது என்று அந்நாய்க்குக் கிடைத்துள்ள பெயர் பொய்ப் பெயர். மீட்க முடியாத தீங்கைச் செய்ய வல்லது என்று கிடைத்துள்ள பெயர் மெய்ப் பெயர். இரண்டையும் குழப்பிக் கொண்டுதான் ஒரு சாரார் 'தடை செய்' என்கின்றனர். மறு சாரார் 'எங்கள் பிள்ளை ஒரு பாவமும் அறியாது' என்கின்றனர்.

அந்த வலிமையை உண்டாக்கியவர் யார்? ஜெர்மனியின் ராட்வைல் நகரத்துக் கசாப்புக்காரர்கள் மாடுகளை ஓட்டவும் வண்டி இழுக்கவும் பயன்படுத்திய நாயே ராட்வீலர். இங்கிலாந்தில் எருதைக் கட்டி வைத்து அதன்மேல் நாய்களை ஏவிக் களிக்கும் வழக்கம் இருந்தது. 1835இல் சட்டம் அதனைத் தடுத்தது. களிப்பை விட மனமில்லாதவர்கள் மறைவாகக் குழிக்குள் நாயோடு நாயை மோதவிட்டனர். 'புல்' என்பது எருது. 'பிட்' என்பது குழி. பெயரிலேயே இரண்டு கொடுமைகள் பதிந்துள்ளன. இரண்டும் நாய் கண்டுபிடித்தவை அல்ல.

இங்கேதான் நம் ஆகமத்தின் கூர்மை புலப்படுகிறது. இல்லறத்தார்க்குரிய குண விரதங்களுள் அநர்த்த தண்ட விரதி ஒன்று; பயனின்றி வரும் பாவச் செயல்களை விலக்குவது. கத்தி, விஷம், நெருப்பு முதலிய கொலைக் கருவிகளைப் பிறர் கையில் கொடுப்பது அவ்விரதத்தைக் கெடுக்கும் ஹிம்சாதானம் ஆகும். சுவாமி கார்த்திகேயர் தம் அநுப்பிரேட்சை நூலில், பூனை முதலிய கொல்லும் பிராணிகளை வைத்து வளர்ப்பதையும் ஆயுத வாணிபத்தையும் ஒரே தொகுதியில் வைத்து விலக்குகிறார். பூனை கொடியது என்பது அவர் கருத்தன்று. எலியைக் கொல்வதற்கென்று ஓர் உயிரை வீட்டில் வைத்துக் கொள்பவனின் கருத்தையே அவர் நோக்குகிறார். பூனைக்குச் சொன்னது, ஆளைக் கடிப்பதற்கென்று வளர்க்கும் நாய்க்குப் பொருந்தாதா? பஞ்சேந்திரிய ஜீவன் ஒன்றை ஆயுதமாக்குவது, இரும்பை ஆயுதமாக்குவதிலும் கொடிதன்றோ? இரும்புக்குக் கருமபந்தம் இல்லை. நாய்க்கு உண்டு. நாம் ஏவிய கோபத்தின் வினையை அதுவும் சுமக்கிறது.

இன்னொன்று, சொல்லக் கசப்பானது. ரௌத்திர தியானம் நால்வகை. கொலையில் மகிழ்தல், பொய்யில் மகிழ்தல், களவில் மகிழ்தல் ஆகிய மூன்றையும் கேட்டவுடன் 'அது நமக்கில்லை' என்று நிம்மதி அடைகிறோம். நான்காவது, தன் பொருளைக் காத்துக் கொள்ளும் நினைவிலேயே உள்ளம் கடுத்துக் கிடத்தல். ரமணாசிரமப் பகுதியில் சில வீட்டு வாசல்களில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்ற பலகையை, வருவோர்க்கு வீட்டார் கூறும் முதல் வாசகமாகக் காண்கிறோம். பலகையைப் படிக்கும்போது நாயின் முகம் நமக்குத் தோன்றுவதில்லை; வீட்டுக்காரரின் முகமே தோன்றுகிறது.

அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தையும் எண்ணிப் பாருங்கள்: கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிச் சுமத்தல், உணவும் நீரும் மறுத்தல். காவல் நாயைப் பகலெல்லாம் குட்டைச் சங்கிலியில் பிணைக்கிறார்கள். முரட்டுத் தோற்றம் வேண்டிச் சிலர் வாலையும் காதையும் நறுக்குகிறார்கள். 'பசி இருந்தால்தான் சீறும்' என்று கால் வயிறு போடுவோரும் உண்டு. அதிசாரங்களின் பட்டியலுக்கு உதாரணம் தேடுவதுபோல் இருக்கிறது! பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960 தன் 11ஆம் பிரிவில் அடித்தலையும், உறுப்பைச் சிதைத்தலையும், நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டுதலையும், உணவு மறுத்தலையும் குற்றங்களாக வைத்திருக்கிறது. நம் ஆசாரியர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வைத்தார்கள். வேறுபாடு என்னவெனில், சட்டத்துக்குச் சாட்சி வேண்டும்.

நாய் பிறரைக் கடித்தாலும் சட்டம் நாயைக் கூண்டில் ஏற்றுவதில்லை. தன் வசமுள்ள விலங்கால் பிறர் உயிருக்கு ஊறு நேராதபடி காக்கத் தவறியவரை, பழைய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவும், இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவும் தண்டிக்கின்றன. ஹிம்சைக்கு நாம் கூறும் இலக்கணத்தின் உயிர்நாடியும் இதுவே: பிரமாதம், அதாவது விழிப்பின்மை. ஆயிரம் விளக்குப் பூங்காவில் அந்த இரண்டு நாய்களும் கயிறு இல்லாமல் விடப்பட்டிருந்தன. கயிறு யார் கையில் இருந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

உணவைப் பற்றியும் நாம் கூச்சமின்றிப் பேச வேண்டியிருக்கிறது. பூனையைப் போல் நாய் முழு ஊன் உண்ணி அன்று. மனிதனோடு வாழ்ந்த நெடுங்காலத்தில் மாவுப் பொருளைச் செரிக்கும் ஆற்றலை அது பெற்றுள்ளது. கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சரிவர அமைத்தால் சைவ உணவிலேயே அதனை வளர்க்கலாம். ஆனால் விரைந்து பெருக்கும் இராட்சதக் குட்டிக்கு வெறும் தயிர் சோறு போதாது. அப்போது என்ன நடக்கிறது? சூரியன் சாய்வதற்குள் உண்டு முடிக்கும் வீட்டின் கொல்லைப்புறத்தில், வேலையாள் ஒருவர் பொட்டலம் கொண்டு வந்து பிரிக்கிறார். வீட்டார் முகத்தைத் திருப்பிக் கொள்கின்றனர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றில் முதலாவதை மட்டும் விட்டுவிட்டு விரதம் காத்ததாக எண்ணுவது, முழுப் பூசணியைச் சோற்றில் மறைப்பதாகும்.

அப்படியாயின் நாயே வேண்டாம் என்பதா? ரமணாசிரமத்திற்குச் சென்றவர்கள், பசு லட்சுமியின் சமாதியை அடுத்து மான், காகம் ஆகியவற்றோடு ஜாக்கி என்னும் நாய்க்கும் சமாதி இருப்பதைக் கண்டிருப்பர். ரமண மகரிஷி நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் விலங்குகளிடம் அவர் நடந்து கொண்ட முறையில் நாம் கற்க வேண்டியது உண்டு. நாய்களை 'பசங்க' என்றே அவர் குறிப்பிடுவார். அவற்றுக்குச் சோறு போட்டாயிற்றா என்று கேட்பார். ஸ்கந்தாசிரமத்தில் இருந்த கமலா என்னும் நாய், புதிதாய் வந்தவர்களை மலையைச் சுற்றி அழைத்துச் சென்று கோயில்களையும் குளங்களையும் காட்டித் திரும்புமாம். அதற்கும் முன்னர், விரூபாட்ச குகைக்கு அருகில் சின்னக் கருப்பன் என்றொரு கறுப்பு நாய் ஒதுங்கி வாழ்ந்தது. அன்பர் ஒருவர் ஒரு நாள் ஏதோ மனவருத்தத்தில் அதனைக் கடிந்து கொண்டார். சிறிது நேரத்தில் அதன் உடல் குளத்தில் மிதந்தது. இந்நிகழ்ச்சியைப் பின்னர் எடுத்துக் கூறி, விலங்கையும் மரியாதையோடு நடத்த வேண்டும் என்று மகரிஷி அறிவுறுத்தினார் என்பர். கடுஞ்சொல்லால் நாய் உயிரை விட்டதோ, வேறு காரணமோ, நாம் ஆராயப் புகவில்லை. ஒரு நாய் நம் வீட்டு வாசலில் என்னவாகிறது என்பதில் நம் சொல்லுக்கும் பங்குண்டு என்று அங்கிருந்தோர் உணர்ந்தார்களே, அது நமக்கு முக்கியம்.

தெரு நாய்கள் எல்லாம் கமலாக்கள் என்று நாம் மயங்கவில்லை. 2024இல் நாடு முழுவதும் பதிவான நாய்க்கடிகள் 37 லட்சத்துக்கும் அதிகம். தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 4 லட்சத்து 80 ஆயிரம். இவற்றில் மிகப் பல, பேர் பெற்ற ஜாதிகள் எவற்றாலும் அல்ல; ஊர் நாய்களாலேயே நேர்ந்தவை. மலையடிவாரத்துக் காட்டிலிருந்து தண்ணீர் தேடி இறங்கும் புள்ளிமான்களைக் கூட்டமாகத் துரத்திக் கடிப்பவையும் அவையே. வெறிநோய் முற்றிய பின் பிழைப்பார் அநேகமாக இல்லை. நெதர்லாந்து நாடு 1993இல் பிட்புல்லைத் தடை செய்து, கடிகள் குறையாமை கண்டு 2008இல் தடையை நீக்கியதன் காரணமும் இதுதான். ஒரு ஜாதியை விலக்கியதால் விழிப்பு வந்துவிடாது. ஆகவே சோறு போடுகிறவர் ஊசி போடுவதையும், கருத்தடைக்கு அழைத்துச் செல்வதையும் சேர்த்தே ஏற்க வேண்டும். கருத்தடையும், அடையாளத்திற்காகக் காதில் இடும் சிறு வெட்டும் உறுப்பறுத்தல் ஆகாவோ என்று வினவுவோர் உள்ளனர். நியாயமான வினாவே. அதனைத் தனியே ஆராய வேண்டும்.

மிகக் கடினமான இடம் ஒன்று எஞ்சியிருக்கிறது. ஏற்கெனவே அத்தகைய நாயை வளர்த்து வருபவர், அது ஒருவரைக் கடித்தும் விட்டால், என்ன செய்வது? மேனாடுகளில் ஊசி போட்டுக் கொன்றுவிடுகின்றனர். நம்மால் அதற்கு உடன்பட முடியாது. இரவோடிரவாக மலைச்சாலையில் இறக்கி விட்டு வருவதும் கொலைக்கு நிகரே. கொல்லப்படுவது நாயா, வழிப்போக்கரா என்பது மட்டுமே தெரியாது. எஞ்சுவது ஒன்றுதான்: உயர்ந்த வேலி, இரட்டைக் கதவு, வெளியே செல்கையில் வாய்க்கவசம், பயிற்சி தெரிந்தவரின் துணை, அந்நாயின் ஆயுள் முழுதும் ஓயாத கவனம். பத்து ஆண்டுகள் வரை வெளியூர்த் திருமணத்திற்கும் போக முடியாமல் போகலாம். அகிம்சையை ஏற்போம் என்று சொல்வது எளிது. அதற்கு இப்படியும் ஒரு விலை உண்டு. கடிபட்டவரின் மருத்துவச் செலவையும் அவரது ஆயுட்கால வடுவையும் அதே கணக்கில் எழுத வேண்டும். இவ்விலையைத் தர இயலாதென்று எண்ணுவோர் குட்டியை வாங்குமுன் எண்ணுவதே நன்று. மூட்டு வலியோடு வாழும் இரு முதியவர், 50 கிலோ எடையுள்ள நாய் இழுக்கும் கயிற்றைப் பிடித்து நிறுத்த முடியுமா என்று மகனைக் கேட்டோம். தொலைபேசியில் சிறிது நேரம் பேச்சில்லை.

பெரியவர் மட்டும் விடவில்லை. "எல்லாம் சரி. எங்கள் பயத்துக்கு என்ன வழி?" என்றார். அதற்கு ஆகமத்திலிருந்து எடுத்துத் தர நம்மிடம் ஒன்றும் இல்லை. பயமும் ஒரு நோகஷாயம் என்று சொல்லியிருக்கலாம். தனியே இருக்கும் முதியவரிடம் அது பேச்சாகுமா? வாசலுக்கு இரும்புக் கிராதிக் கதவு, இரவெல்லாம் எரியும் விளக்கு, பக்கத்து வீட்டில் ஒலிக்கும் அழைப்பு மணி என்று தச்சரையும் மின் பணியாளரையும் அழைத்து நாமே உடனிருந்து ஏற்பாடு செய்தோம். வாடகைக்கு மாடியைக் கல்லூரி மாணவர் இருவருக்கு விட்டுள்ளனர்.

அந்தத் தெருவில் செவலை நிறத்தில் ஒரு பெட்டை நாய் உண்டு. காதில் வெட்டு இருக்கிறது, ஊசியும் போட்டாயிற்று. பொழுது சாயுமுன் அம்மையார் அதற்குப் பருப்புச் சோறு பிசைந்து வைக்கிறார். சென்ற மாதம் நாம் சென்றபோது கிராதிக் கதவுக்கு வெளியே படுத்திருந்தது. நம்மைக் கண்டதும் எழுந்து குரைத்தது. "யாரது?" என்று உள்ளிருந்து அம்மையாரின் குரல் வந்தது.